ஷெட்டுக்குள் எது, ஷெட்டுக்கு வெளியே எது

அன்புள்ள மாப்பிள்ளை கதிருக்கு,

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. தாத்தாவின் மாருதி 800ஐ உன் கையாலேயே பிரித்துப் பூட்டி ஓடவைக்கப் போகிறாய், அதற்காக வீட்டுக் கார் ஷெட்டைப் பட்டறையாக்கப் போகிறாய் என்று உங்கம்மா போனில் சொன்னபோதே எனக்குச் சந்தோஷம். பட்டியலைப் படித்த பிறகு கொஞ்சம் கவலையும் சேர்ந்துகொண்டது. இரண்டு தூண் லிஃப்ட், வெல்டிங் செட், ஹைட்ராலிக் பிரஸ், பெரிய கம்ப்ரசர், பெயின்ட் கன், சக்கரம் வைத்த சிவப்புப் பெட்டியில் அடுக்கடுக்காய் ஸ்பேனர்கள் எல்லாம் இருக்கின்றன. ஜாக் ஸ்டாண்டைக் காணோம். தீயணைப்பான் இல்லை. கண்ணுக்கு ஒரு கண்ணாடிகூட இல்லை.

நீ இருப்பது கோயம்புத்தூரில். கணபதிப் பக்கமும் ஆவாரம்பாளையத்துப் பக்கமும் நடந்து பார், சந்துக்குச் சந்து லேத் ஓடுகிறது. புஷ் கடைந்து தர, எஞ்சின் ஹெட்டுக்கு முகம் பிடித்துத் தர, உடைந்த போல்ட்டைத் தோண்டி எடுத்துத் தர ஆள் இருக்கிற ஊர் இது. அதை எல்லாம் உன் பத்துக்கு இருபது அடி ஷெட்டுக்குள் கொண்டுவர வேண்டிய அவசியம் என்ன? பட்டறை வைக்க நினைப்பவன் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த வேலை உள்ளே, எந்த வேலை வெளியே என்பதைத்தான். அந்தக் கோட்டைப் போட்டுவிட்டால் பட்டியல் தானாகப் பாதியாகிவிடும்.

முதலில் தரை. ஷெட்டுக்கு வழவழப்பான டைல்ஸ் போடலாமா என்று அப்பா கேட்டாராம். வேண்டாம் என்று சொல். ஜாக் ஸ்டாண்டின் கால் ஒரு சிறு இடத்தில் பாரத்தை இறக்கும், டைல்ஸ் விரிசல் விட்டுவிடும். ஆயில் சிந்தினால் வழுக்கும். மட்டமான, கெட்டியான கான்கிரீட் தரை போதும். வாசலை நோக்கிச் சிறு வாட்டம் இருந்தால் மழைத் தண்ணீர் நிற்காது. வாட்டம் அதிகமானால் வண்டி உருளும். வண்டியின் நீளம் ஏறக்குறைய 3.3 மீட்டர், அகலம் 1.4 மீட்டர். சுற்றிலும் நீ குனிந்து உட்கார இடம் மிஞ்சுகிறதே, அதுதான் உன் உண்மையான சொத்து. அந்த இடத்தில் பழைய கட்டிலையும் தேங்காய் மூட்டையையும் போடவிடாதே.

அடுத்தது வெளிச்சமும் மின்சாரமும். விளக்கை நடு உச்சியில் ஒன்று மாட்டினால் நீ பானெட்டுக்குள் குனியும்போது உன் தலை நிழலே வேலையை மறைக்கும். இரு பக்கச் சுவரோரமும் நீள எல்.ஈ.டி. டியூப் போடு; கையில் காந்த அடி வைத்த விளக்கு ஒன்று. பிளக் பாயின்ட் 16 ஆம்பியரில் குறைந்தது இரண்டு வேண்டும். ஷெட் லைனுக்குத் தனியாக எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேள். ஈரத் தரையில் வெறுங்காலோடு டிரில் பிடிக்கிறவனைக் காப்பாற்றுவது அந்தச் சின்னப் பெட்டிதான். இன்னொன்று: வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி இப்போது ஷெட் மூலையில் இருக்கிறது. அதை இடம் மாற்று. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் நீ பெட்ரோல் குழாயைக் கழற்றுவாய். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கக் கூடாது.

லிஃப்ட் வைக்க முடியாவிட்டால் குழி தோண்டலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது, தாழ்ந்த இடம் தேடி இறங்கித் தேங்கும். குழிக்குள் நீ நிற்பாய், அதுவும் நிற்கும். ஒரு சுவிட்சின் பொறி போதும். பெரிய பட்டறைகளில் குழிக்குக் காற்றோட்டமும் பொறி வராத விளக்கும் வைப்பார்கள். வீட்டில் அதெல்லாம் நடக்காது. ஐப்பசி மழையில் குழி கிணறாகிவிடும் என்பது தனிக் கதை.

ஆகவே நீ வண்டியை ஜாக்கில்தான் தூக்கப் போகிறாய். மாருதி 800இன் எடை சுமார் 650 கிலோதான், இன்றைய கார்களோடு பார்த்தால் பாதிக்கு அருகில். "இவ்வளவு லேசான வண்டிதானே" என்ற எண்ணம் ஆபத்தானது. நெஞ்சின் மேல் விழ அதில் கால்வாசியே அதிகம். ஜாக் என்பது தூக்குவதற்கு. தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஹைட்ராலிக் ஜாக்கின் உள்ளே ஒரு ரப்பர் சீல் தேய்ந்தால் வண்டி சத்தமில்லாமல் இறங்கும். இரண்டு டன் டிராலி ஜாக் ஒன்று, ஸ்டாண்டு இரண்டு ஜோடி. தூக்கும் முன் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடு, லாரி கிளீனர்கள் போடுவார்களே அப்படி. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. தாங்குவது போலவே இருந்து ஒரே நொடியில் நொறுங்கும். இத்தனை வருடத்து வண்டியில் கதவுக்குக் கீழ் விளிம்பு துருப்பிடித்திருக்கும். ஜாக் வைக்கும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பார்த்துவிட்டு வை. ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பார். ஆடுவதானால் நீ வெளியே இருக்கும்போதே ஆடட்டும்.

இனி ஸ்பேனருக்கு வருவோம். நூற்றுக்கணக்கான உருப்படிகள் உள்ள பெட்டி எதற்கு? எந்த வண்டி என்பதுதான் எந்த ஸ்பேனர் என்பதைச் சொல்லும். அம்பாசடர் பிரிட்டிஷ் மோரிஸ் வழி வந்தது. அதன் பழைய எஞ்சினில் அரை இஞ்ச், ஒன்பதுக்குப் பதினாறு என்று இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். அதில் 13ஐப் போட்டுத் திருகினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். பத்மினி ஃபியட் வழி, மில்லிமீட்டர் கணக்கு. உன் மாருதி சுசுகி வழி; 10, 12, 14, 17 இவைதான் பெரும்பாலும் கைக்கு வரும், அங்கங்கே 8ம் 19ம். இந்த அளவுகளில் ரிங் ஒன்று, ஓபன் ஒன்று, அரை இஞ்ச் ராட்செட்டும் ஆறுமூலை சாக்கெட்டுகளும் ஒரு செட். பன்னிரண்டு மூலை சாக்கெட் மாட்டுவதற்கு எளிது, ஆனால் துருப்பிடித்த நட்டில் ஆறுமூலைதான் வழுக்காது. தபாரியா போல மெக்கானிக்குகள் வருடக்கணக்காக நம்பும் கம்பெனிப் பொருளாக வாங்கு. எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும், இரும்பு நல்லதாக இருக்கட்டும்.

நட்சத்திரத் திருப்புளியில் ஒரு விஷயம் கவனி. ஜப்பான் வண்டிகளின் திருகுத் தலை பார்வைக்கு வழக்கமான பிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் குழியின் வடிவம் கொஞ்சம் வேறு. பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக உட்காராமல் மேலே ஏறி, தலையைச் சிதைத்துவிடும். கார்புரேட்டர் திருகுகளைத் தொடும் முன் ஜே.ஐ.எஸ். முனை உள்ள ஒன்றை வாங்கிவிடு.

கையால் முறுக்கும் பலம் உனக்கு இருக்கிறது. அளவாக முறுக்கும் அறிவு டார்க் ரென்ச்சிடம் இருக்கிறது. எஞ்சின் ஹெட் அலுமினியம். ஸ்பார்க் பிளக்கை வீம்புக்கு முறுக்கினால் மரை போய்விடும். பிளக்கை முதலில் விரலால் சுற்றி ஏற்று. விரலுக்குப் போகாவிட்டால் மரை மாறி ஏறுகிறது என்று பொருள். ஹெட் போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. நடுவிலிருந்து வெளியே, வரிசைப்படி, இரண்டு மூன்று தவணையாக. வரிசையும் அளவும் கம்பெனியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அந்தப் புத்தகத்தையும் கருவிப் பட்டியலில் சேர். வால்வ் இடைவெளி பார்க்க ஒரு ஃபீலர் கேஜ் வேண்டும். அது கைக்கு அடக்கமான பொருள், ஆனால் எஞ்சின் சத்தத்தைப் புரிந்துகொள்ள உனக்கு முதல் ஆசிரியர்.

மேசைக்குக் கனமான பலகையும், சுவரில் பிணைத்த காலும் போதும். நாலு இஞ்ச் வைஸ் ஒன்று மாட்டு. அதன் வாய் உன் முழங்கை உயரத்தில் இருந்தால் அரம் பிடிக்கத் தோள் வலிக்காது. கழற்றிய நட்டுகளுக்குப் பழைய இட்லித் தட்டு அருமையான பொருள்: குழிக்கு ஒரு வேலை, கழற்றிய வரிசையிலேயே. அது திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடு. கழற்றும் முன் போனில் படம் எடு, குழாய்களில் டேப் ஒட்டி எண் எழுது.

கம்ப்ரசர் வாங்குவதானால் ஒரு குதிரைத்திறனில் சின்னது. டயருக்குக் காற்றும், தூசி ஊதலும் அதில் நடக்கும். மணிக்கணக்கில் காற்றுக் கிரைண்டர் ஓட்ட அதனால் முடியாது. வாரம் ஒருமுறை அடியில் உள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடு, இல்லாவிட்டால் டேங்க் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். பிரேக் தூசியை மட்டும் அந்தக் காற்றால் ஊதாதே. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடை, அல்லது பிரேக் கிளீனரால் கழுவி இறக்கு.

தீக்கு ஏ.பி.சி. பொடி அடைத்த சிலிண்டர் ஒன்று, கதவுக்குப் பக்கத்தில். வண்டிக்கு அந்தப் பக்கம் மாட்டினால் தேவைப்படும்போது எடுக்க முடியாது. ஒரு வாளி மணலும் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீரின் மேல் மிதந்து பரவும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில். முறை மாறினால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியைத் தொட்ட கணமே பொறி பறக்கும். லுங்கியோடு கிரைண்டர் பிடிக்காதே. கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விடாதே. அது இனிக்கும், நாய் குடித்தால் உயிருக்கே ஆபத்து. வடித்த கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, கழிவு ஆயில் முறைப்படி ஒப்படைக்கும் சர்வீஸ் சென்டரில் கொடு.

இப்போது வெளியே விடவேண்டியவை. வெல்டிங்கை வெளியே விடு. பெட்ரோல் டேங்க் உள்ள வண்டி அதைப் பழகுவதற்குச் சரியான இடம் அல்ல. பிரஸ் வேலை, லேத் வேலை, வீல் அலைன்மென்ட், பெயின்ட் எல்லாம் வெளியே. ஆனால் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதே. கிராங்க் கடையும் இடத்தில் நின்று பார். மைக்ரோமீட்டரை அவர் எப்படிப் பிடிக்கிறார், எந்த அளவில் தலையை ஆட்டுகிறார் என்று கவனி. "அண்ணா, இது ஏன் இப்படி?" என்று கேட்டால் சொல்லாத லேத் ஆளை நான் பார்த்ததில்லை. பழைய உதிரிக்கு உக்கடம் இருக்கிறது. 1983 டிசம்பரில் தொடங்கி 2014 வரை வந்த வண்டி என்பதால் உதிரிக்குப் பஞ்சம் வராது. பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டதை மட்டும் பழையதாக வாங்காதே.

கடைசியாக, பெரிய எஞ்சின் பொருத்தலாமா என்ற உன் கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள கம்பெனி விவரத்திலிருந்து வண்டி மாறுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நிறத்தை மாற்றினால்கூட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். அது போகட்டும், இப்போது இருக்கிற எஞ்சினை நீ ஏன் குறைத்து எண்ணுகிறாய்? அதே 800 சிசி மாருதி எஞ்சினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் ஓடின. அவற்றைக் கட்டியவர் நம்மூர் எஸ். கரிவரதன். 1995இல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரில்தான் செட்டிபாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர். மூன்று சிலிண்டர் போதவில்லை என்று சொல்லும் முன், அதை முழுதாக ஒருமுறை தெரிந்துகொள்.

வாங்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம்: மின் லைன், விளக்கு, தீயணைப்பான், ஜாக், ஸ்டாண்டு, கண்ணாடி, கையுறை. அடுத்த மாதம்: சொன்ன அளவுகளில் ஸ்பேனர், சாக்கெட், திருப்புளி, டார்க் ரென்ச். அதோடு நிறுத்து. அதற்குப் பிறகு ஒவ்வொரு கருவியையும் ஒரு வேலை வந்து கேட்கட்டும். ஆயில் மாற்று, பிளக் பார், வால்வ் இடைவெளி வை, பிறகு பிரேக்கைத் திற, எஞ்சினை இறக்குவதெல்லாம் அதற்கு அப்புறம். ஒருமுறை மட்டும் தேவைப்படும் கருவியை மெக்கானிக்கிடம் இரவல் கேள். மூன்றாவது முறையும் அதையே கேட்கப் போகிறாய் என்றால், அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கு.

உன் பட்டியலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். லிஃப்ட், பிரஸ், வெல்டிங் செட், பெயின்ட் கன் நான்கையும் அடித்துவிட்டேன். மிஞ்சும் பணத்தில் பாதியை லேத்துக்கும் உதிரிக்கும் தனியாக எடுத்து வை. பட்டறை முழுக்க நிறைந்து, வண்டிக்குக் காசு இல்லாமல் போகிற வீடுகள் நிறைய. அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல். ஸ்டாண்டு வாங்கிய பில்லைப் படம் எடுத்து அனுப்பு, அதற்குப் பிறகு கார்புரேட்டரைப் பற்றி எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமா