படுக்கவைப்பது பாசம் ஆகாது

எங்கள் அம்மையார்குப்பம் பக்கம் யாருக்கு எலும்பு முறிந்தாலும் முதலில் எழும் பேச்சு புத்தூர் கட்டு. ஆந்திர எல்லையைத் தாண்டினால், எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியக் கட்டுப் போடும் புத்தூர். அம்மா வாசலில் வழுக்கி விழுந்தபோது தெருவே அதைத்தான் சொன்னது. எக்ஸ்ரேயில் தெரிந்ததோ தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. அங்கே எலும்பு முறிந்து விலகினால் மேலே உள்ள பந்துக்கு ரத்தம் போவது தடைபடும்; வயதானவர்களுக்குக் கட்டுப் போட்டுச் சேர்வது அரிது. அதற்காக மாதக்கணக்கில் படுத்தால் படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு. முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடப்பது நல்லது. அம்மாவுக்கு இடுப்பில் அந்தப் பந்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்று செய்தார்கள்.

அன்றிரவு, நெசவாளியான அம்மா, "நூல் அறுந்துபோச்சு, தறிய நிறுத்துடா" என்று கத்தினார். எங்களுக்குக் குலை நடுங்கியது. வயதானவர்களுக்கு அறுவைக்குப் பின் இப்படிக் குழப்பம் வருவதுண்டு. மருத்துவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். சிறுநீர்த் தொற்று, உப்புக் குறைவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடியை மாட்டிவிட்டு, பழகிய குரலில் பேசிக்கொண்டே இருந்தோம். தெளிந்துவிட்டது.

மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்கவைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள், "வயசானவங்களை ஏம்பா இம்சை பண்றீங்க, படுக்கட்டும்" என்றார்கள். அந்தப் பாசத்துக்கு மட்டும் இணங்காதீர்கள். படுத்த ஒவ்வொரு நாளும் தொடைச் சதை கரைகிறது. வலி மாத்திரையைக் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு நடக்கவிடுங்கள். முதலில் வாக்கர், அடுத்து அறுவை செய்த கால், பிறகு நல்ல கால். படி ஏற நல்ல கால் முதலில். இறங்க அறுவை செய்த கால் முதலில்.

நம் வீடுகளில் பெரிய சிக்கல் தரைதான். சாப்பாடு தரையில், கழிப்பறையில் குந்தல். பாதி மூட்டு மாற்றியவர்கள் சம்மணம் போடவோ குந்தவோ கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்று எங்களுக்குச் சொன்னார்கள். கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியும் கமோடு நாற்காலியும் அம்மா வருவதற்கு முன்பே வீட்டில் இருந்தன. படுக்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை. ஆணி வைத்துப் பொருத்தியவர்களுக்கு விதி வேறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு உடம்பைவிட மனம்தான் முரண்டு பிடித்தது. மறுபடி விழுவோமோ என்ற பயம். பயிற்சி என்றாலே முகம் சுருங்கும். தறிக்கு நூல் தார் சுற்றும் ராட்டினத்தைத் தரையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தோம். அதற்காகவே கட்டிலிலிருந்து திண்ணைவரை தானாக நடந்து வந்தார். பயிற்சிக்குத் துணை வேண்டுமென்றால், தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கெண்டைக்கால் வீங்கினால், மூச்சு வாங்கினால், கால் திடீரெனக் குட்டையாகித் திரும்பினால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிந்தது என்றால் எலும்பு ஏற்கெனவே வலுவிழந்திருக்கிறது. தையல் பிரித்ததும் பலர் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. எலும்பை உறுதியாக்கும் மருந்து, வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். முட்டை, பருப்பு, கேழ்வரகு தினமும் தட்டில் இருக்கட்டும். அடுத்த முறிவைத் தடுக்கும் வேலை இவற்றில்தான் தொடங்குகிறது.