கையெழுத்துப் போட மறுத்தவர்கள்

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கோடிக்கணக்கில் வாழ்கிறார்கள். இவர்களின் முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்கள். 1865-ஆம் ஆண்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் ஒதுக்கி வைக்கும் பழக்கம் ஒழியவில்லை. பள்ளிக்கூடம் தனி, ரயில் பெட்டி தனி, தண்ணீர்க் குழாய் தனி. இராணுவத்திலும் அப்படித்தான்.

1925-இல் அந்த நாட்டு இராணுவக் கல்லூரி ஓர் அறிக்கை எழுதியது. கறுப்பர்களுக்கு அறிவும் துணிவும் குறைவு என்று அதில் கண்டிருந்தது. இப்படி ஒரு காகிதம் போதாதா? விமானம் ஓட்டும் பிரிவில் கறுப்பர்களுக்கு இடமே தரவில்லை.

பெஞ்சமின் டேவிஸ் என்ற கறுப்பின இளைஞர் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் அங்கே படித்தார். கூடப் படித்தவர்கள் யாரும் அவரோடு பேசவில்லை. கடமைக்குத் தேவையான பேச்சு மட்டும்தான். அவர் தனியாகச் சாப்பிட்டார், தனி அறையில் தூங்கினார். இப்படிச் செய்தால் ஓடிவிடுவார் என்று நினைத்தார்கள். அவர் ஓடவில்லை. 1936-இல் 276 பேரில் 35-ஆவதாகத் தேறினார். விமானியாக வேண்டும் என்று விண்ணப்பித்தார். "கறுப்பர்களுக்கு விமானப் பிரிவு கிடையாது" என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

கறுப்பின மக்களின் பத்திரிகைகளும் சங்கங்களும் விடாமல் போராடின. 1941-இல் அரசு இறங்கி வந்தது. அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில் பயிற்சி தொடங்கியது. முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 13 பேர். 1942 மார்ச் மாதம் தேறியவர்கள் 5 பேர். அந்த ஐவரில் டேவிஸும் ஒருவர். பிறகு அங்கே தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விமானிகள் ஆனார்கள். விமானம் பழுது பார்ப்பவர்கள், செவிலியர்கள், சமையல்காரர்கள் என்று பல ஆயிரம் பேர் அவர்களுக்குத் துணை நின்றார்கள்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. டேவிஸின் படை வட ஆப்பிரிக்காவுக்கும், பிறகு இத்தாலிக்கும் போயிற்று. குண்டு போடும் பெரிய விமானங்களுக்குக் காவலாகப் பறப்பதே அவர்களின் முக்கிய வேலை. தங்கள் விமானங்களின் வால் பகுதிக்குச் சிவப்பு வண்ணம் பூசிக்கொண்டார்கள். அதனால் 'சிவப்பு வால்கள்' என்று பெயர் வந்தது. அவர்கள் காவலில் ஒரு குண்டு விமானம்கூட விழவில்லை என்று வெகுகாலம் பெருமையாகச் சொல்லி வந்தார்கள். அது சரியல்ல. எதிரி விமானங்களால் 27 விழுந்தன. ஆனால் அதே வேலை செய்த மற்ற படைகளுக்குச் சராசரியாக 46 விழுந்தன. உண்மையான கணக்கே போதும். கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

வானத்தில் இப்படி. தரையில் எப்படி?

இந்தியானா மாநிலத்தில் ஃப்ரீமன் ஃபீல்டு என்ற விமானத் தளம் இருந்தது. அங்கே கறுப்பின அதிகாரிகள் குண்டு விமானப் பயிற்சி பெற்றார்கள். மாலை நேரத்தில் அதிகாரிகள் கூடிப் பேச அங்கே மன்றங்கள் இருந்தன. நிறத்தைச் சொல்லி ஓர் அதிகாரியை மன்றத்திலிருந்து விலக்கக் கூடாது என்பது இராணுவ விதி. தளபதி ஒரு தந்திரம் செய்தார். "பயிற்சி பெறுபவர்களுக்கு ஒரு மன்றம், பயிற்சி தருபவர்களுக்கு ஒரு மன்றம்" என்றார். கறுப்பர்களைப் பயிற்சி பெறுபவர்கள் கணக்கில் சேர்த்தார். நிறத்தின் பெயரே எடுக்கவில்லை. ஆனால் வேலை நடந்துவிட்டது.

1945 ஏப்ரல் 5-ஆம் தேதி மாலை கறுப்பின அதிகாரிகள் சிறு சிறு குழுவாக வெள்ளையர் மன்றத்துக்குள் போனார்கள். கைது செய்தார்கள். மறுநாளும் போனார்கள். மறுபடியும் கைது.

உடனே தளபதி புது விதி ஒன்றை எழுதினார். "இதைப் படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று எழுதி ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அதிகாரிகள் படித்தார்கள். நன்றாகவே புரிந்தது. புரிந்ததால்தான் யோசித்தார்கள். கையெழுத்துப் போட்டால் விதியை ஏற்றுக்கொண்டதாக ஆகும். போர்க்காலத்தில் மேலதிகாரியின் கட்டளையை மீறினால் மரண தண்டனைகூட விதிக்கலாம். அதையும் சொல்லி மிரட்டினார்கள். ஒவ்வொருவராகத் தனியே அழைத்து, பேனாவை நீட்டினார்கள்.

101 பேர் முடியாது என்றார்கள்.

எல்லோரும் கைதானார்கள். செய்தி வெளியே பரவியது. கண்டனம் எழுந்தது. சில நாட்களில் விடுதலை செய்தார்கள். ஆனால் அவர்களின் பதிவேட்டில் கண்டனக் குறிப்பு ஏறியது. ரோஜர் டெரி என்ற அதிகாரிக்கு மட்டும் அபராதம் விதித்தார்கள். மன்றத்தின் வாசலில் மேலதிகாரியைத் தள்ளினார் என்பது குற்றம்.

1948-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆணை போட்டார். இராணுவத்தில் நிற வேற்றுமை கூடாது என்றார். 1954-இல் டேவிஸ் விமானப்படையில் ஜெனரல் ஆனார். அந்தப் படையின் முதல் கறுப்பின ஜெனரல் அவர்தான். ரோஜர் டெரியின் குற்றத்தை நீக்க மட்டும் 50 ஆண்டுகள் பிடித்தன. 1995-இல்தான் அது நடந்தது.

2007 மார்ச் மாதம் டஸ்கீகி விமானப்படையினருக்கு நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். சுமார் 300 முதியவர்கள் வந்திருந்தார்கள். போர்க்காலத்தில் இவர்கள் சல்யூட் அடித்தபோது பல வெள்ளையர்கள் பதில் சல்யூட் அடிக்கவில்லை. அன்று குடியரசுத் தலைவர் புஷ் அதைச் சொல்லி, அவர்களைப் பார்த்துத் தாமே சல்யூட் அடித்தார். முதியவர்கள் பதில் சல்யூட் அடித்தார்கள்.

பேசிப் பாருங்கள்: தளபதியின் விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறகு ஏன் 101 பேர் கையெழுத்துப் போட மறுத்தார்கள்?