உயிலும் உரிமையும்

உயில் என்ற சொல்லை எடுத்தாலே நம் வீடுகளில் பேச்சை மாற்றிவிடுவார்கள். "விளக்கு வைத்த நேரத்தில் இதென்ன பேச்சு?" என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதும் உண்டு. சாவைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆயினும், அன்று பேசாமல் விட்டதனால் பின்னாளில் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்காக ஏறி இறங்கும் குடும்பங்கள் பல என்பதை மறுப்பதற்கில்லை. ஊரைவிட்டு வந்து பயிலும் நம்மில் பலர், நாளை வேறு நகரங்களிலும் நாடுகளிலும் வாழப்போகிறவர்கள். வீடும் நிலமும் ஓரிடத்திலும் பிள்ளைகள் வெவ்வேறு திசைகளிலும் இருக்கும் காலத்தில், இதைப் பற்றிய அடிப்படை அறிவு மாணவர்க்கு இன்றியமையாதது.

உயில் என்பது, ஒருவர் தம் மறைவுக்குப்பின் தம் சொத்து யாரைச் சேரவேண்டும் என்று எழுதிவைக்கும் சாசனம். அவர் உயிரோடு இருக்கும்வரை அது நடைமுறைக்கு வராது. எத்தனை முறை வேண்டுமானாலும் அவர் அதை மாற்றலாம். முறைப்படி கடைசியாக எழுதியதே செல்லும்.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சட்டமே பங்கிடும். அந்தச் சட்டம் பொதுவாகச் சமயந்தோறும் வேறுபடும். இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோர்க்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். கிறிஸ்தவர்க்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம்களுக்கு ஷரியத் முறை. முஸ்லிம் ஒருவர், மற்ற வாரிசுகளின் இசைவின்றி, கடன் முதலியன போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது. கோவா, உத்தரகண்ட் போன்ற மாநிலங்களில் தனிச் சட்டம் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் இந்துக் குடும்பத் தலைவர், தம் உழைப்பால் 48 லட்ச ரூபாய் பெறுமானமுள்ள வீடு ஒன்றை வாங்கினார். உயில் எழுதாமல் காலமானார். அவருக்குத் தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கின்றனர். வீடு முழுவதும் மனைவிக்கே என்று பலர் எண்ணுவர். சட்டப்படி நால்வர்க்கும் சமபங்கு. ஆளுக்கு 12 லட்சம். மகள் மணமானவளா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

கதை இதோடு முடிவதில்லை. அந்தத் தாய் கைம்பெண். அவருக்கு வேறு இரண்டு மகன்களும் உள்ளனர். அவரும் உயிலின்றி மறைந்தால், அவருடைய 12 லட்சம் மூன்றாகப் பிரியும். இரண்டு மகன்களுக்கும் தலைக்கு 4 லட்சம். இறந்த மகனின் பிள்ளைகள் இருவர்க்கும் சேர்த்து 4 லட்சம். மருமகளுக்கு அதில் ஏதுமில்லை. ஆக, தாம் குடியிருக்கும் வீட்டிலேயே கணவரின் உடன்பிறந்தார் இருவர் பங்காளிகளாகிவிட்டதை அந்த விதவைத் தாய் காண நேரிடும். இதில் எவர்மீதும் குற்றமில்லை. ஒரே ஒரு தாள் எழுதியிருந்தால் இந்நிலை நேர்ந்திராது.

மாணவர்க்கும் ஒரு செய்தி: மணமாகாத இந்து இளைஞர் ஒருவர் உயிலின்றி இறந்தால் அவர் சொத்து முழுவதும் தாய்க்கே சேரும். தந்தை இரண்டாம் வகுப்பு வாரிசு. தாய் இருக்கும்போது அவருக்குப் பங்கில்லை.

உயில் எழுதும் முறை எளியது. 18 வயது நிரம்பிய, தெளிந்த மனமுடைய எவரும் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும். எழுதியவர் கையெழுத்திட வேண்டும். அவர் கையெழுத்திட்டதைக் கண்டோ, அது தம்முடையதே என்று அவர் சொல்லக் கேட்டோ, குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவரேனும் நேரில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே வயதில் இளையவரைச் சாட்சியாகக் கொள்வது அறிவுடைமை. பதிவு செய்வது கட்டாயமன்று; ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைத்தால் தாள் தொலைந்தாலும் நகல் கிடைக்கும்.

சொத்தைப் பெறப்போகிறவர் உயில் எழுதும் வேலையில் முன்னின்று ஈடுபடாதிருப்பது நல்லது. வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அத்தகைய ஐயத்திற்குரிய சூழ்நிலைகளைத் தக்க சான்றுகளால் போக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவரையே சாரும் என்றது.

'நாமினி' பற்றிய தவறான எண்ணம் ஒன்றும் பரவலாக உள்ளது. வங்கிக் கணக்கில் யார் பெயரை நாமினியாக எழுதினோமோ அவரே உரியவர் என்று நினைக்கிறோம். அவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை பெற்றவர். ஆனால் வாரிசுகளுக்காகவே பெறுகிறார். நிறுவனப் பங்குகளுக்கும் இதுவே விதி என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்தியது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரைக் குறித்திருந்தால், 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பணம் அவர்களுக்கே உரியது.

'புரோபேட்' என்பது உயில் உண்மையானதே என்று நீதிமன்றம் அளிக்கும் சான்று. உயிலை நிறைவேற்றுமாறு அதிலேயே நியமிக்கப்பட்டவர் அதைக் கோரிப் பெறுவார். சென்னை, பம்பாய், கல்கத்தா நகரச் சொத்துகள் பற்றிய உயில்களுக்கு நெடுங்காலம் இது கட்டாயமாக இருந்தது. 2025-இல் நாடாளுமன்றம் 213-ஆம் பிரிவை நீக்கி அக்கட்டாயத்தை அகற்றியது. எனினும், வாரிசுகளிடையே சச்சரவு இருக்குமானால் விரும்பிப் பெறுவது இன்றும் பாதுகாப்பே.

நண்பர்களே! சட்டம் பங்கிடும்போது கணக்கை மட்டுமே பார்க்கும். முதுமையில் யார் அருகிருந்து பேணினார், எந்தப் பிள்ளை நலிந்திருக்கிறது என்பவை அதற்குத் தெரியா. அவை குடும்பத்தார்க்கே தெரியும். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது, பத்திரங்கள் எங்குள்ளன, கணக்குகள் எந்த வங்கியில் உள்ளன, உயில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பெற்றோரிடம் பணிவோடு கேளுங்கள். சொத்தின்மேல் கண் வைத்துக் கேட்பதாக அவர்கள் எண்ணிவிடாமல், அம்மாவின் பங்கும் பாட்டியின் பங்கும் பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்று சொல்லித் தொடங்குங்கள். அவர்கள் செவிசாய்ப்பார்கள்.