எண்களாலான படங்கள்

கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றைக் கணிப்பொறியில் பட மென்பொருளைக் கொண்டு திறந்து, மேலும் மேலும் பெரிதாக்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் முகம் மறைந்துவிடும். சின்னஞ்சிறு சதுரங்கள் தோன்றும். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரே ஒரு நிறம்தான் இருக்கும். இச்சதுரங்களைப் பிக்சல்கள் என்கிறோம்.

ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள் உண்டு. அவை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவைக் குறிப்பவை. பெரும்பாலான படங்களில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0 என்றால் மஞ்சள்! வியப்பாக இருக்கிறதா? ஒளிகளைக் கலப்பது வேறு, சாயங்களைக் கலப்பது வேறு.

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தம் கைக்குழந்தையின் புகைப்படத்தை முதன்முதலாகக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். அதில் 176 வரிசைகள், வரிசைக்கு 176 பிக்சல்கள் இருந்தன. 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய கேமரா, 10,000 பிக்சல்கள் கொண்ட படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. இன்று சாதாரணக் கைப்பேசிப் படத்திலேயே 4000 × 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள் இருக்கக் காண்கிறோம்.

படம் என்பது எண்களே என்றால், படத்தைத் திருத்துவது என்பது என்ன? கணக்குப் போடுவதுதான்!

காகிதத்தில் ஒரு சோதனை

தாத்தாவின் வெள்ளை வேட்டியில் நான்கு பிக்சல்களை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, பிக்சலுக்கு ஓர் எண் மட்டும் போதும். அவை 200, 220, 235, 250 எனக் கொள்வோம். இந்த வேறுபாடுகள்தாம் வேட்டியின் மடிப்புகளாக நம் கண்ணுக்குத் தெரிகின்றன.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்ட, ஒவ்வோர் எண்ணுடனும் 40 சேர்ப்போம். 240, 260, 275, 290 என வரும். ஆனால் 255க்கு மேல் இடமில்லை. ஆகவே கணிப்பொறி 240, 255, 255, 255 என்றே எழுதிக்கொள்ளும். இப்படியே சேமித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள், "அதிகமாக வெளுத்துவிட்டதே!" என்று 40ஐக் கழிக்கிறோம். கிடைப்பது 200, 215, 215, 215.

வெளிச்சம் குறைந்தது, மடிப்புகளோ திரும்பவில்லை. 215 என நிற்கும் மூன்றில் எது 220ஆக இருந்தது, எது 250ஆக இருந்தது என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது. இக்கால மென்பொருள்கள் அவ்விடத்தில் புதிதாக ஒரு மடிப்பை வரைந்து காட்டக்கூடும். அது அழகாகவும் இருக்கலாம்; ஆனால் கேமரா கண்ட மடிப்பு அன்று அது.

இதிலிருந்து முதல் விதி பிறக்கிறது: மூலப்படத்தைத் தொடாதீர்கள். ஒரு நகல் எடுத்து, அதிலேயே திருத்தங்களைச் செய்யுங்கள்.

வெட்டும்போது என்ன இழக்கிறோம்?

4000 × 3000 பிக்சல் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் 1000 × 750 அளவில் வெட்டி எடுப்பதாகக் கொள்வோம். எஞ்சுவது பதினாறில் ஒரு பங்கே. தெளிவான அச்சுக்கு அங்குலத்திற்கு 300 பிக்சல்கள் என்பது வழக்கமான கணக்கு. முழுப்படத்தை 13 அங்குல அகலத்திற்கு அச்சிடலாம். வெட்டிய துண்டு 3 அங்குலத்தை மட்டுமே சற்றுத் தாண்டும். எனவே, முடிந்தவரை அருகில் சென்று படம் எடுப்பதே நல்லது.

சுருக்கத்தின் விலை

பிக்சலுக்கு மூன்று பைட் வீதம் நமது படத்திற்கு 3 கோடியே 60 லட்சம் பைட் தேவை. ஆயினும் கோப்பு அதைவிட மிகச் சிறியதாக இருக்கிறதே, எப்படி? 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் என்னும் முறையே காரணம். அது படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் 64 எண்களையும் வேறு 64 எண்களாக மாற்றி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளைத் தோராயமாக்கி விடுகிறது. இதற்கு உதவும் கணித முறையை 1974இல் வெளியிட்டவர்கள், பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுவும் அவருடன் ஆய்வு செய்த நடராஜன், ராவ் ஆகியோரும் ஆவர்.

படத்தைத் திறந்து பார்ப்பதாலோ, கோப்பை நகலெடுப்பதாலோ தரம் குறையாது. திருத்தி மீண்டும் ஜேபெக் கோப்பாகச் சேமிக்கும்போதுதான் எண்கள் மீண்டும் தோராயமாக்கப்படுகின்றன. ஆகவே திருத்தங்கள் யாவற்றையும் ஒரே அமர்வில் முடித்து, ஒருமுறை சேமியுங்கள். செய்திச் செயலிகள் பலவும் படத்தைச் சுருக்கியே அனுப்புகின்றன. முழுத்தரம் வேண்டுமானால் ஆவணமாக அனுப்புங்கள்.

பெயரும் பாதுகாப்பும்

கோப்புகளுக்கு 2024-01-15-பொங்கல் என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிடுங்கள். பெயர்வரிசையே கால வரிசையாகவும் அமைந்துவிடும். மாதத்தை 01, 02 என இரண்டு இலக்கங்களில் எழுதுவது ஏன்? இல்லாவிடில், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணிப்பொறி 10ஆம் மாதத்தை 2ஆம் மாதத்திற்கு முன்னே நிறுத்திவிடலாம்!

எடுத்த நாளும் நேரமும் கோப்பினுள்ளேயே பதிவாகின்றன. சில வேளைகளில் எடுத்த இடமும் பதிவாகும். முன்பின் அறியாதவர்களும் காணுமாறு படத்தை வெளியிடும் முன், இடக்குறிப்பை நீக்கிவிடுவது அறிவுடைமை.

முக்கியமான படங்களுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும். கைப்பேசியிலும் அதனுள் இருக்கும் மெமரி கார்டிலும் வைப்பது பாதுகாப்பாகாது; கைப்பேசி தொலைந்தால் இரண்டும் ஒன்றாகவே போய்விடும். கைப்பேசியுடன் இணைந்து இயங்கும் இணையச் சேமிப்பிலும் கவனம் தேவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடக்கூடும்.

வீட்டில் பழைய அச்சுப் படங்கள் இருந்தால், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, கேமராவைச் சாய்க்காமல் படமெடுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் கேட்டு, உடனே எழுதி வையுங்கள். மங்கிய படத்தை ஓரளவு சீராக்க மென்பொருள் உண்டு. ஆனால் சொல்லக்கூடியவர் இல்லாமற்போன பின், மறந்த பெயரைக் கணக்குப் போட்டுப் பெற முடியாது.

நீங்களே செய்து பாருங்கள்

1. 10, 25, 40, 60 என்னும் நான்கு பிக்சல்களில் 30ஐக் கழித்து, பின் 30ஐக் கூட்டுங்கள். 0க்குக் கீழ் இடமில்லை என்பதை மறவாதீர்கள். எந்த இரண்டு பிக்சல்கள் ஒன்றாகிவிட்டன?

2. 3000 × 2000 பிக்சல் படத்தைத் தெளிவு குறையாமல் எத்தனை அங்குல அகலத்திற்கு அச்சிடலாம்?