ஒற்றைச் சக்கரத்தில் பின்னோக்கி: ஸ்லாலம் பயில்வோருக்குச் சில குறிப்புகள்

நேர்வரிசையில் வைத்த சிறு கோன்களுக்கிடையே, ஒரே வரிசைச் சக்கரங்கள் கொண்ட ஸ்கேட்டில் வளைந்து செல்லும் ஸ்லாலம், 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் இடம்பெற்றது. அதன் கடினமான வித்தைகளுள் ஒன்று, குதிகாலை உயர்த்தி முன்சக்கரம் மட்டும் தரையில் பட, முதுகுப்புறமாகக் கோன்களைக் கடப்பதாகும்.

நான்கு சக்கரங்களும் தரையில் படிய ஒற்றைக்காலில் பின்னோக்கி வளைந்து செல்லும் பழக்கம் உறுதிப்படுவதற்கு முன் இதைத் தொடங்குவது வீண்முயற்சியே. முழங்காலை மடித்து, உடலின் எடை முழுவதையும் பெருவிரலின் அடிப்பந்தின்மேல் நிறுத்தி, தோளைத் திருப்பிச் செல்லும் திசையை நோக்கியவாறு, தூக்கிய காலை அத்திசையில் நீட்டினால், அக்கால் படகின் சுக்கானைப்போல வளைவை நெறிப்படுத்தும். பலரும் பாதத்தை முறுக்கியே திரும்ப முயல்கின்றனர், ஆனால் திருப்பம் இடுப்பில்தான் பிறக்கிறது.

முதலில் சுண்ணக்கோட்டின்மீதும், பின்னர் 120 செ.மீ. இடைவெளியிலும், அதன்பின் 80 செ.மீ. இடைவெளியிலும் பயில்வது நன்று, 50 செ.மீ. வரிசைக்கு அவசரம் வேண்டாம்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கோடையில் சிமென்ட் தளம் சுடுவதற்கு முன்னரே, அதாவது விடியற்காலையிலேயே, பயிற்சியை முடித்துவிடுவது நலம். யாத்திரிகர் பேருந்துகள் ஓயாத திருப்பதிச் சாலைகள் இதற்கு எந்நேரத்திலும் உகந்தவையல்ல. பின்னோக்கி விழுபவர் இயல்பாகக் கையை ஊன்றுவதால், தலைக்கவசத்துடன் மணிக்கட்டுக் காப்பும் இன்றியமையாதது. முன்சக்கரம் விரைவில் தேயுமாதலால், கடினமான சக்கரத்தை அவ்விடத்தில் பொருத்தி, அடிக்கடி பக்கம் மாற்ற வேண்டும்.