மாட்டு வைத்தியர் எங்கே?

விடிந்தது. கறவை மாடு தீனி எடுக்கவில்லை. அசை போடவில்லை. இடப்பக்க வயிறு உப்பிவிட்டது. யாரைக் கூப்பிடுவது?

முன்பு ஊர்ப்பக்கம் மாட்டு வைத்தியர் இருந்தார். கூப்பிட்டதும் வருவார். பச்சிலை மருந்து கொடுப்பார். இன்று அவர் பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வருவதில்லை. திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் கிராமத்தில் தங்கி வைத்தியம் செய்யும் டாக்டர்கள் குறைவு.

சித்தூர் மாவட்டத்தில் பல குடும்பங்களுக்குப் பால் காசுதான் கைச்செலவு. மாடு செத்தால் கடன் மட்டும் மிஞ்சும்.

2022-இல் ஆந்திர அரசு கால்நடை ஆம்புலன்ஸ் தொடங்கியது. முதலில் 175 வண்டிகள் வந்தன. சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்று. கங்காதர நெல்லூரும் ஒரு தொகுதி. கூப்பிட வேண்டிய எண் 1962. இதற்குக் காசு கிடையாது.

ஒரே வண்டி பல ஊர்களுக்குப் போக வேண்டும். வர நேரம் ஆகலாம். வயிற்று உப்புசமோ சில மணி நேரத்தில் உயிரை வாங்கும். எனவே பார்த்தவுடன் கூப்பிடுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கும் ஆள் அனுப்புங்கள். வாயைப் பிளந்து மருந்து ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

நோய் வருமுன் காப்பது நல்லது. 6 மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி போடுங்கள்.

மாட்டுக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்: 1962.

பதில் சொல்லுங்கள்:
1. உங்கள் ஊரில் மாட்டு வைத்தியர் இருக்கிறாரா?
2. உங்கள் மாட்டுக்குக் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள்?