திருவிழாக் கச்சேரி: டிக்கெட் ஃப்ரீதான், ஆனா எங்கே நிக்கணும்?

சித்திரை பொறந்தாலே நம்ம பக்கம் மைக்செட் சத்தம் ஆரம்பிச்சிடும். வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு ஏதாவது ஒரு ஊர்ல அம்மன் திருவிழா இருந்துக்கிட்டே இருக்கும். குடியாத்தத்துல வைகாசி 1ஆம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயில்ல இருந்து அம்மன் சிரசு கிளம்பி, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்குப் போகும். ராத்திரி வாணவேடிக்கை. இந்த மாதிரி திருவிழா சீசன்ல ஏதாவது ஒரு தெருவுல மேடை போட்டு ஆர்கெஸ்ட்ரா வெச்சிடுவாங்க. கீபோர்டு, தபேலா, பேட், பேஸ் கிடார், ரெண்டு மூணு பாடகர்கள். ஹாஸ்டல்ல தகவல் வந்த அஞ்சாவது நிமிஷம் நாலு பைக் கிளம்பிடும்.

இந்த மேடைகளைச் சாதாரணமா நினைச்சிடாதீங்க. இளையராஜா வளர்ந்தது அண்ணன் பாவலர் வரதராஜனோட குழுவுல, ஊர் ஊரா திறந்தவெளி மேடையில வாசிச்சுத்தான். அந்த மனுஷன் 2025 மார்ச் 8 அன்னிக்கு லண்டன்ல தன்னோட சிம்பொனியை அரங்கேற்றினார். அங்கே ஒவ்வொரு சீட்டுக்கும் நம்பர் உண்டு. நம்ம தெருக் கச்சேரியில சீட்டும் இல்ல, நம்பரும் இல்ல. எங்கே நிக்கணும்னு நாமளேதான் முடிவு பண்ணணும். அந்த முடிவுக்குக் கொஞ்சம் ஃபிசிக்ஸ் போதும்.

பாடம் 1: தூரம் ரெண்டு மடங்கு, நேரம் நாலு மடங்கு

திறந்தவெளியில ஒரு ஸ்பீக்கர்ல இருந்து தள்ளிப் போகப் போக, தூரம் ரெண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். முதல் வருஷம் படிச்ச இன்வர்ஸ் ஸ்கொயர் விதிதான் இது.

இன்னொரு கணக்கு காதைப் பத்தினது. அமெரிக்காவோட தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ், 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம்னு வரம்பு வெச்சிருக்கு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88ன்னா 4 மணி நேரம், 91ன்னா 2 மணி நேரம்.

ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. 6 டெசிபல் குறைஞ்சா நேரம் ரெண்டு தடவை இரட்டிக்கும். அதாவது ஸ்பீக்கர்ல இருந்து ரெண்டு மடங்கு தள்ளி நின்னா, நாலு மடங்கு நேரம் கேட்கலாம். ஸ்பீக்கர்ல இருந்து 8 மீட்டர்ல 103 டெசிபல் இருக்குன்னு வெச்சுக்குவோம்:

8 மீட்டர் – 103 டெசிபல் – ஏழரை நிமிஷம்
16 மீட்டர் – 97 டெசிபல் – அரை மணி நேரம்
32 மீட்டர் – 91 டெசிபல் – 2 மணி நேரம்
64 மீட்டர் – 85 டெசிபல் – 8 மணி நேரம்

முன்வரிசையில ரெண்டு பாட்டு முடியுறதுக்குள்ள அன்னிக்கு மொத்தக் கோட்டாவும் காலி. 32 மீட்டர்ங்கறது சுமார் 43 எட்டு. அந்த 43 எட்டு நடந்தா, கச்சேரி பெரும்பாலும் உங்களுக்குக் கிடைச்சிடும். (ரெண்டு பக்கமும் வீடுங்க நெருக்கமா இருக்கிற தெருன்னா சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். அங்கே இவ்வளவு வேகமா குறையாது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க.)

இது ஏன் முக்கியம்? உள்காதுல இருக்கிற நுண்மயிர் செல்கள்தான் சத்தத்தை நரம்புக்குக் கொண்டுபோறது. மனுஷனுக்கு அது ஒருதடவை செத்துட்டா திரும்ப முளைக்காது. உலக சுகாதார நிறுவனமே 2022ல இசை நிகழ்ச்சிகளுக்கு வரம்பு சொல்லியிருக்கு: 15 நிமிஷச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது. நம்ம ஊர்ல இன்னொரு விஷயமும் இருக்கு. கச்சேரியில பக்கத்துல நிக்கிற அண்ணனோ அக்காவோ ஷூ கம்பெனியிலயோ டேனரியிலயோ பகல் முழுக்க மெஷின் சத்தத்துல இருந்துட்டு வந்திருக்கலாம். காதுக்கு ஒரு நாள் கணக்கு ஒண்ணுதான். பகல்ல செலவானது ராத்திரிக்குத் திரும்ப வராது. இன்-பிளான்ட் டிரெயினிங் போற நமக்கும் அதே கணக்கு.

பாடம் 2: ஏன் ஒரே பாட்டு ரெண்டு தடவை கேட்குது?

30 டிகிரி வெப்பத்துல ஒலி ஒரு செகண்டுக்கு சுமார் 349 மீட்டர் போகும். 100 மீட்டர் தள்ளி நின்னா, பாடகரோட உதடு அசைஞ்சு கிட்டத்தட்ட 0.29 செகண்ட் கழிச்சுத்தான் குரல் நமக்கு வரும். ஆனா தெருமுனையில கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கருக்கு சிக்னல் ஒயர்ல போகுது. அது போற வேகத்துக்கு முன்னாடி ஒலி நத்தை மாதிரி. அதனால தெருமுனையில இருக்கிறவங்களுக்கு முதல்ல பக்கத்துக் குழாய், அப்புறம் மேடை. ரெண்டுக்கும் நடுவுல 50 மில்லி செகண்டுக்கு மேல இடைவெளி இருந்தா, காது அதைத் தனி எதிரொலியாவே எடுத்துக்கும். தபேலா ரெண்டு தடவை அடிக்கும், பாட்டு வரி குழம்பும்.

பெரிய நிகழ்ச்சிகள்ல பின்னாடி இருக்கிற ஸ்பீக்கருக்கு வேணும்னே தாமதம் கொடுப்பாங்க. 60 மீட்டர் தள்ளி இருக்கிற ஸ்பீக்கருக்கு 60 ÷ 349, சுமார் 172 மில்லி செகண்ட். தெருவுல அது இல்லைன்னா, குழாய் பக்கம் நிக்காதீங்க. மேடை ஸ்பீக்கர் மட்டும் கேட்கிற இடத்துக்கு வாங்க.

பாடம் 3: நல்ல இடம் எது?

மிக்சர் வெச்சிருக்கிற மேஜையைத் தேடுங்க. ஆபரேட்டர் அண்ணன் தன் காதுக்கு எது சரியா இருக்கோ அப்படித்தான் செட் பண்ணுவார். அவர் மேடைக்கு எதிர்ல, நடுவுல உட்கார்ந்திருந்தா அவருக்குப் பின்னாடிதான் பெஸ்ட் சீட். அவர் மேடை ஓரத்துலயே இருந்தா, ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல வர்ற நேர்கோட்டுல 30–40 மீட்டர் பின்னாடி போங்க.

5000 ஹெர்ட்ஸ் ஒலியோட அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான். முன்னாடி இருக்கிற தலைங்களே அதை மறைச்சிடும். 50 ஹெர்ட்ஸ் பேஸுக்கு 7 மீட்டர். அது வீட்டையே சுத்திக்கிட்டு வந்துடும். ரெண்டு தெரு தள்ளி 'தும் தும்' மட்டும் கேட்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். அதனால பேஸுக்காக முன்னாடி போகத் தேவையே இல்ல. பாட்டு வரி தெளிவாக் கேட்கணும்னா ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரியுற இடத்துல நில்லுங்க, அவ்வளவுதான்.

சின்ன டெஸ்ட்: கை நீட்டுற தூரத்துல இருக்கிற ஃப்ரெண்டுகிட்ட கத்தித்தான் பேச முடியுதா? அப்போ காதுக்கு அது அதிகம். போன்ல இருக்கிற டெசிபல் ஆப் துல்லியம் இல்ல, ஆனா ரெண்டு இடத்தை ஒப்பிட உதவும். முன்னாடிதான் நிப்பேன்னு அடம்பிடிக்கிறவங்க மெடிக்கல்ல ஃபோம் இயர்பிளக் வாங்கிக்கோங்க. பஞ்சு வெச்சா பெருசா பலன் இல்ல.

பாடம் 4: பைக்ல திரும்புறது

சத்தத்துல நின்னுட்டு வந்தா கொஞ்ச நேரத்துக்குக் காது மந்தமா இருக்கும், 'ங்ஙொய்'ன்னு கேட்கும். அந்தக் காதோட வண்டியை எடுத்தா பின்னாடி வர்ற லாரி ஹாரன் சரியா விழாது. குடியாத்தம் ரோட்டுல வந்து பள்ளிகொண்டாவுல சென்னை–பெங்களூர் ஹைவே ஏறும்போது நமக்குத் தேவை ரெண்டு கண்ணும் ரெண்டு காதும். ராத்திரியில ஓரமா லைட் இல்லாம நிக்கிற லாரியும் அந்த ரோட்டுல இருக்கலாம். அதனால:

கச்சேரி முடிஞ்சதும் ஒரு டீ குடிங்க, பதினஞ்சு நிமிஷம் பேசிட்டு இருங்க. கூட்டமும் கலையும், காதும் கொஞ்சம் தெளியும்.

வண்டியை வெளியே போற பக்கம் பார்த்து நிறுத்துங்க. வீட்டு வாசலையோ ஆம்புலன்ஸ் வர்ற சந்தையோ அடைக்காதீங்க.

ஓட்டுறவருக்கும் பின்னாடி உட்கார்றவருக்கும் ஹெல்மெட். ட்ரிப்பிள்ஸ் வேண்டாம். ஹெல்மெட்டுக்குள்ள காத்துச் சத்தமே 90 டெசிபலைத் தாண்டலாம்; வேகத்தைக் குறைச்சா அதுவும் குறையும்.

தூக்கம் வந்தா ஊர்லயே ஒரு நண்பன் வீட்டுத் திண்ணை பாருங்க. காலையில வரலாம்.

கடைசியா ஒரு விஷயம். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10ல இருந்து காலை 6 வரை திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக அரசு நள்ளிரவு 12 வரை அனுமதி கொடுக்கலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல போகக்கூடாது. ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட்டைச் சுத்தி குறைஞ்சது 100 மீட்டரை அமைதிப் பகுதியா அறிவிக்கலாம். பத்து மணிக்கு ஆபரேட்டர் வால்யூமைக் குறைச்சா 'ஒன்ஸ் மோர்'னு கத்தாதீங்க. பக்கத்து வீட்டுல ஒரு பாட்டி தூங்கணும், கைக்குழந்தை தூங்கணும், ஆறு மணி ஷிப்ட்டுக்குப் போற அக்காவும் தூங்கணும்.

அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது வாணவேடிக்கையில வெளிச்சம் தெரிஞ்சதுல இருந்து சத்தம் வர்ற வரைக்கும் செகண்டை எண்ணுங்க. அதை 349ஆல பெருக்குங்க. வெடி எவ்வளவு தூரத்துல வெடிச்சதுன்னு மீட்டர்ல வரும். அப்படியே மேடையில இருந்து 43 எட்டு எண்ணி நடந்து, அங்கே நின்னு பாட்டைக் கேளுங்க.